அச்சுக்கு ஒரு பிடிஎஃப், அஞ்சலுக்கு ஒரு பிடிஎஃப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பாபிஷேக மலர், பள்ளி ஆண்டு மலர், திருமண அழைப்பிதழ், ஆய்வேடு என எதுவானாலும் கடைசியில் ஒரு பிடிஎஃப் கோப்பாகத்தான் கணினியை விட்டு வெளியே போகிறது. அது போய்ச் சேரும் இடம் ஆஃப்செட் பிளேட்டா, ஜெராக்ஸ் கடையா, கைபேசித் திரையா என்பதைப் பொறுத்து அதற்குள் இருக்க வேண்டியவை மாறும். சேமிக்கும்போது எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தயங்குபவர்களுக்காக இந்தப் பக்கம்.

ஒரே கோப்பை இரண்டுக்கும் அனுப்பினால் என்ன?

அச்சகக் கோப்பை அஞ்சலில் அனுப்பினால் பெரிய நட்டம் இல்லை. கனமாக இருக்கும், இறங்க நேரமாகும், ஓரத்தில் வெட்டுக்குறிகள் தெரியும், சில கைபேசிகளில் நிறம் விகாரமாகத் தோன்றும், அவ்வளவுதான். அஞ்சலுக்காகச் சுருக்கிய கோப்பை அச்சகத்துக்குக் கொடுப்பதுதான் ஆபத்து. சுருக்கும்போது தூக்கி எறியப்பட்ட பிக்சல்கள் திரும்பி வராது. ஓர் அங்குலத்துக்கு 100 பிக்சல் என்று குறைத்த படத்தை மறுபடி 300 ஆக்கினால் எண் மட்டும்தான் ஏறும், படம் மங்கலாகவே இருக்கும். திரையில் பார்க்கும்போது இது தெரியாது என்பதால்தான் இத்தனை பேர் ஏமாறுகிறார்கள். காகிதத்தில் வந்த பிறகு கண்ணில் குத்தும்.

ஆகவே மூலக் கோப்பு ஒன்று, அதிலிருந்து நேரடியாக எடுத்த பிடிஎஃப் இரண்டு. ஒரு பிடிஎஃப்பிலிருந்து இன்னொன்று எடுப்பதாக இருந்தால் அச்சுக் கோப்பிலிருந்து அஞ்சல் கோப்பை எடுக்கலாம். மறுதிசையில் கூடாது.

300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல்) என்கிறார்களே, அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது?

ஆஃப்செட் அச்சில் படம் புள்ளிகளால் ஆனது. ஆர்ட் பேப்பரில் அச்சிடும்போது ஓர் அங்குலத்துக்கு 150 வரிசைப் புள்ளிகள் என்பது வழக்கமான ஸ்கிரீன் (புள்ளி அடர்த்தி). ஒரு புள்ளி வரிசைக்கு இரண்டு பிக்சல் கொடுத்தால் போதும் என்ற பழைய கணக்கில்தான் 300 வந்தது. நியூஸ் பிரிண்டில் 85 முதல் 100 வரிசைதான் ஓடும், அங்கே 200 பிக்சல் தாராளம். அதாவது 300 என்பது நல்ல காகிதத்துக்கான அளவு. எல்லா வேலைக்கும் அதையே பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதில்லை.

படத்தின் உண்மையான அளவு அதன் பிக்சல்களில்தான் இருக்கிறது. ஏ4 பக்கம் முழுக்க 300 வேண்டுமானால் 2480 × 3508 பிக்சல் தேவை. 1500 பிக்சல் அகலமுள்ள படத்தை 5 அங்குல அகலத்தில் வைத்தால் அது 300. அதையே இழுத்து 10 அங்குலமாக்கினால் 150. கோப்பின் பண்புகளில் "300 டிபிஐ" என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம், வைத்த அளவில் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் லிங்க்ஸ் பலகையில் ஒரு படத்தைச் சொடுக்கினால் ஆக்சுவல் பிபிஐ, எஃபெக்டிவ் பிபிஐ என்று இரண்டு எண்கள் தெரியும் (பிபிஐ என்றால் ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்பது). இரண்டாவதுதான் பேசும்.

கையொப்பம், கோட்டோவியம், பழைய கடிதம் போன்ற கறுப்பு வெள்ளை மட்டும் உள்ளவற்றுக்கு 300 போதாது, விளிம்பு ரம்பம் போலத் தெரியும். அவற்றை 600க்கும் மேலே, முடிந்தால் 1200இல் ஸ்கேன் செய்யுங்கள்.

ஃபிளெக்ஸ் பேனருக்கு இதெல்லாம் பொருந்தாது. 10 × 6 அடி பேனருக்கு 72 டிபிஐ வைத்தாலே 8640 × 5184 பிக்சல் ஆகிவிடும். எட்டடி தள்ளி நின்று பார்ப்பதற்கு அது போதும்.

மின்னஞ்சலுக்கு எவ்வளவு பெரிய கோப்பு போகும்?

ஜிமெயிலின் வரம்பு 25 எம்பி. ஆனால் 24 எம்பி கோப்பு எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும் என்று நம்ப முடியாது. இணைப்புகள் அஞ்சலில் பயணிக்கும்போது ஒவ்வொரு மூன்று பைட்டும் நான்கு எழுத்தாக மாற்றப்படுவதால் எடை மூன்றில் ஒரு பங்குக்குமேல் கூடிவிடும். 18 எம்பிக்குள் இருந்தால் நிம்மதி. 25 எம்பியைத் தாண்டினால் ஜிமெயில் தானாகவே டிரைவ் இணைப்பாக மாற்றிவிடும். பெறுபவருக்குத் திறக்கும் அனுமதி இருக்கிறதா என்று அப்போது சரிபார்க்க வேண்டும்.

நடைமுறையில் படிப்பதற்காக அனுப்பும் கோப்பு 5 எம்பிக்குள் இருப்பது நல்லது. அலுவலக அஞ்சல் சேவையகங்கள் பல 10 எம்பியிலேயே கதவைச் சாத்திவிடும்.

பக்கம் பக்கமாக எழுத்துதான் இருக்கிறது, கோப்பு ஏன் 60 எம்பி வருகிறது?

எழுத்து எடை கூட்டாது. நூறு பக்க வெறும் உரை ஒரு எம்பியைத் தாண்டுவதே அரிது. எடை கூடினால் படங்களைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஏ4 முழுப் பக்கப் படம் 300இல், நான்கு வண்ணத்தில், சுருக்காமல் இருந்தால் ஏறத்தாழ 35 எம்பி. ஜேபெக் சுருக்கத்தில் அது சில எம்பியாகிறது. 300ஐ 150 ஆக்கினால் பிக்சல் எண்ணிக்கை நான்கில் ஒரு பங்கு, 100 ஆக்கினால் ஒன்பதில் ஒரு பங்கு. எடையைக் குறைக்கும் மிகப் பெரிய நெம்புகோல் இதுதான், மற்றதெல்லாம் சில்லறை.

படமே இல்லாமல் எடை கூடியிருந்தால் பக்கங்கள் ஸ்கேன் செய்யப்பட்டவையா, அல்லது யாராவது எழுத்தையெல்லாம் படமாக மாற்றிவிட்டார்களா என்று பாருங்கள். 400 சதவீதம் பெரிதாக்கும்போது எழுத்தின் விளிம்பு கூர்மையாக இருந்தால் எழுத்து, புகைமூட்டமாகத் தெரிந்தால் படம்.

இன்னொன்றும் உண்டு. அடோபியின் "ஹை குவாலிட்டி பிரிண்ட்", "பிரஸ் குவாலிட்டி" அமைப்புகள் 450 பிக்சலுக்கு மேற்பட்ட படங்களை மட்டுமே 300க்கு இறக்கும். உங்கள் படம் 440இல் இருந்தால் தொடவே தொடாது. "300 என்றுதானே போட்டேன், ஏன் குறையவில்லை" என்பதற்கு விடை, 450 என்று எழுதியிருக்கும் அந்த இரண்டாவது கட்டத்தில் இருக்கிறது.

வேர்டில் இருந்து எடுக்கும்போது எதைத் தேர்வு செய்வது?

சேவ் ஆஸ் பெட்டியில் பிடிஎஃப்பைத் தேர்ந்தெடுத்ததும் "ஸ்டாண்டர்ட்", "மினிமம் சைஸ்" என்று இரண்டு வட்டங்கள் வரும். அச்சுக்கு முதலாவது, அஞ்சலுக்கு இரண்டாவது. ஆனால் இந்தத் தேர்வுக்கு முன்பே வேர்டு ஒரு வேலை செய்து முடித்திருக்கும். சேமிக்கும் ஒவ்வொரு முறையும் அது படங்களைச் சுருக்குகிறது. இயல்பாக இருப்பது 220 பிபிஐ. அதைத் தடுக்க, படங்களை நுழைப்பதற்கு முன்பே ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட் என்று போய், இமேஜ் சைஸ் அண்ட் குவாலிட்டி பகுதியில் "டு நாட் கம்ப்ரஸ் இமேஜஸ் இன் ஃபைல்" என்பதில் டிக் போடுங்கள். கோப்பைச் சேமித்த பிறகு போட்டால் பயன் இல்லை, போனது போனதுதான்.

அஞ்சல் கோப்பு இன்னும் குறைய வேண்டுமானால் மூலத்தின் நகல் ஒன்றை எடுத்துக்கொண்டு, படத்தைச் சொடுக்கி, பிக்சர் ஃபார்மேட் பட்டியில் கம்ப்ரஸ் பிக்சர்ஸ் திறந்து 150 வையுங்கள். 96 என்பது திரையில் ஒருமுறை பார்த்துவிட்டு மறந்துவிடும் கோப்புகளுக்கு.

வேர்டு எல்லாவற்றையும் ஆர்ஜிபி (திரைக்கான சிவப்பு, பச்சை, நீலம்) நிறத்தில்தான் கொடுக்கும். ஒற்றைக் கறுப்பில் அச்சாகும் புத்தகத்துக்கு இது பிரச்சினையில்லை, அச்சகத்தில் கிரேஸ்கேல் ஆக்கிக்கொள்வார்கள். மல்டிகலர் வேலைக்கு வேர்டு சரியான இடமல்ல.

"பிரிண்ட்" கொடுத்து மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப் வழியாக எடுப்பவர்களும் உண்டு. இணைய இணைப்புகளும் புக்மார்க்குகளும் அதில் செத்துவிடும். அஞ்சல் கோப்புக்கு அந்த வழி வேண்டாம்.

லிப்ரே ஆஃபிஸில்?

ஃபைல் பட்டியில் எக்ஸ்போர்ட் ஆஸ் பிடிஎஃப் திறந்தால் முதல் தாவலிலேயே எல்லாம் இருக்கிறது. இயல்பு நிலை ஜேபெக் தரம் 90, தெளிவு 300 டிபிஐ. அச்சுக்கு லாஸ்லெஸ் கம்ப்ரஷனை (தரம் இழக்காத சுருக்கம்) தேர்ந்தெடுத்து, ரெடியூஸ் இமேஜ் ரெசல்யூஷனில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். அஞ்சலுக்குத் தரம் 75, தெளிவு 150. கையில் காசு இல்லாமல் கச்சிதமான பிடிஎஃப் வேண்டும் என்பவர்களுக்கு வேர்டைவிட இதில் கட்டுப்பாடு அதிகம்.

கேன்வாவில் செய்த அழைப்பிதழ் அச்சில் மங்கலாக வந்தது. ஏன்?

பெரும்பாலும் "பிடிஎஃப் ஸ்டாண்டர்ட்" எடுத்திருப்பீர்கள். அது 96 டிபிஐ, திரைக்கானது. "பிடிஎஃப் பிரிண்ட்" 300 டிபிஐ. அதில் கிராப் மார்க்ஸ் அண்ட் பிளீட் (வெட்டுக்குறிகளும், விளிம்புக்கு வெளியே நீட்டும் பகுதியும்) கட்டத்தையும் டிக் செய்ய வேண்டும். சிஎம்ஒய்கே (அச்சின் நான்கு மைகளான சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) நிறம் காசு கட்டியவர்களுக்கு மட்டும். ஃபிளாட்டன் என்பதில் டிக் போட்டால் பக்கம் முழுவதும் ஒரே படமாகிவிடும். எழுத்துரு சிக்கல் வந்தால் ஒழிய அதைத் தொட வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் வந்த புகைப்படத்தை மலரில் போடலாமா?

சாதாரணத் தரத்தில் படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கி நீளப் பக்கத்தை ஏறத்தாழ 1600 பிக்சலுக்குக் கொண்டுவந்துவிடும். 300ஆல் வகுத்தால் 5.3 அங்குலம், அதாவது 13.5 செ.மீ. ஒரு கால் பக்கப் படத்துக்குப் போதும், முழுப் பக்கத்துக்குப் போதாது. அதே படத்தை "டாக்குமென்ட்" வழியாக அனுப்பச் சொல்லுங்கள், பிக்சல் குறையாமல் வரும். பிடிஎஃப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அச்சகத்துக்கு அனுப்பும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

தமிழ் எழுத்துகள் அச்சகத்தில் கட்டங்களாக, அல்லது ஆங்கில எழுத்துகளாக மாறிவிடுகின்றனவே?

எழுத்துரு கோப்புக்குள் பதிக்கப்படவில்லை என்று பொருள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் கணினியைப் பொறுத்தவரை உள்ளே இருப்பது தமிழே அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை உட்கார்த்தி வைத்த ஏற்பாடு அது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வேஷம் கலைந்து ஆங்கில எழுத்துகள் எட்டிப் பார்க்கும். இலங்கையில் இன்றும் பாமினிக் கோப்புகள் புழங்குவதால் அங்கிருந்து வரும் கட்டுரைகளை மலரில் சேர்ப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

அடோபி ரீடரில் ஃபைல், ப்ராப்பர்டீஸ், ஃபாண்ட்ஸ் என்று திறந்தால் ஒவ்வொரு எழுத்துருவின் பக்கத்திலும் "எம்பெட்டட்" அல்லது "எம்பெட்டட் சப்செட்" என்று இருக்க வேண்டும். ஒன்றில் அது இல்லையென்றாலும் கோப்பை அனுப்பாதீர்கள். சில எழுத்துருக்களை அவற்றின் உரிமமே பதிக்க விடாது. அப்போது கோரல்டிராவில் கன்வர்ட் டு கர்வ்ஸ், இன்டிசைனில் கிரியேட் அவுட்லைன்ஸ் கொடுத்து எழுத்தை வடிவமாக்கலாம். அட்டை, அழைப்பிதழ் போன்ற ஒன்றிரண்டு பக்க வேலைக்கு இது சரி. 200 பக்க நூலுக்குச் செய்தால் கடைசி நேரப் பிழைதிருத்தம் நரகமாகிவிடும்.

கட்டம் கட்டமாகத் தெரியாமல், "கொ" என்பது கொம்பும் ககரமும் காலும் இடம் மாறி உடைந்து தெரிந்தால் அது வேறு நோய். இன்டிசைனில் யுனிகோடு தமிழுக்கு, பாராகிராஃப் பலகையின் பட்டியில் "அடோபி வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்" தேர்ந்திருக்க வேண்டும். சாதாரண கம்போசரில் இருந்தால் கொம்புகள் தவறான இடத்தில் நிற்கும். பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கருக்கு யுனிகோடே தெரியாது. அதன் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001இல்.

பிடிஎஃப்பில் தமிழ்ச் சொல்லைத் தேடினால் கிடைப்பதில்லை. அமைப்பில் ஏதாவது செய்ய முடியுமா?

அச்சுக்கு இது பொருட்டல்ல, பிளேட்டுக்கு வடிவம் மட்டும்தான் தெரியும். அஞ்சலில் போகும் கோப்புக்கு முக்கியம். முதலில் மூலம் யுனிகோடில் இருக்க வேண்டும். பாமினியில் தட்டச்சு செய்த நூலைத் திரையில் என்னதான் அழகாகக் காட்டினாலும் "அம்மா" என்று தேடினால் அகப்படாது. யுனிகோடாகவே இருந்தாலும் "கொ", "கோ", "கை" போன்றவற்றில் சில மென்பொருள்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பை முதலில் எழுதிவிடும், அப்போதும் தேடல் தவறும்.

சோதிப்பது எளிது. ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். அங்கே சரியாக வந்தால் தேடலும் நடக்கும், பார்வையற்றவர்களின் திரைவாசிப்பானும் படிக்கும். வேர்டில் ஆப்ஷன்ஸ் பெட்டியில் "டாக்குமென்ட் ஸ்ட்ரக்சர் டேக்ஸ் ஃபார் ஆக்சஸிபிலிட்டி" டிக் இருக்கட்டும். அது எடையைச் சற்றுத்தான் கூட்டும்.

திரையில் தெரிந்த பச்சை அச்சில் செத்துப்போய் வருகிறதே?

திரை ஒளியைக் கூட்டி நிறம் காட்டுகிறது, அச்சு மை பூசிக் காட்டுகிறது. கிளிப்பச்சை, மின்நீலம், பளீர் ரோஜா போன்ற நிறங்கள் நான்கு மையின் எல்லைக்கு வெளியே இருப்பவை. எந்த அமைப்பாலும் அவற்றை அப்படியே கொண்டுவர முடியாது. செய்யக்கூடியது, அச்சுக் கோப்பைத் தொடக்கத்திலேயே சிஎம்ஒய்கேயில் அமைத்து ஏமாற்றத்தை முன்கூட்டியே திரையில் பார்த்துவிடுவதுதான். குங்குமச் சிவப்புக்கு மெஜந்தா 100, மஞ்சள் 100. அது நன்றாகவே வரும். நீலம்தான் காலை வாரும். சயான் 100, மெஜந்தா 100 என்று வைத்தால் திரையில் நீலம், காகிதத்தில் ஊதா. மெஜந்தாவை 70க்குக் கீழே இறக்குங்கள்.

அஞ்சல் கோப்புக்கு நேர் எதிர். திரைக்கான எஸ்ஆர்ஜிபி நிறம் வையுங்கள். சிஎம்ஒய்கே படங்கள் சில கைபேசிச் செயலிகளில் வேறு நிறத்தில் தெரியும்.

கறுப்பு எழுத்தைச் சுற்றி வண்ண நிழல் விழுகிறது. மெஷின் கோளாறா?

மெஷினைத் திட்டுவதற்கு முன் கோப்பைப் பாருங்கள். ஆர்ஜிபி கறுப்பை ஃபோட்டோஷாப்பின் பழைய இயல்பு அமைப்பில் சிஎம்ஒய்கே ஆக்கினால் சயான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 என்று நான்கு மையிலும் பிரிந்துவிடும். 9 பாயின்ட் எழுத்தை நான்கு பிளேட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடும்போது முடியிழை அளவு ரெஜிஸ்டர் (பிளேட்டுகள் ஒன்றோடொன்று பொருந்துவது) விலகினாலும் நிழல் தெரியும். எழுத்து எப்போதும் கறுப்பு 100 மட்டும், மற்ற மூன்றும் பூஜ்யம். இருப்பிடம் காட்டும் கியூஆர் கோடுக்கும் இதே விதி.

அக்ரோபேட் புரோவில் அவுட்புட் பிரிவ்யூ திறந்து கறுப்பை மட்டும் அணைத்துப் பாருங்கள். எழுத்துகள் எல்லாம் மறைந்தால் கோப்பு சுத்தம். பேய் போல இன்னும் தெரிந்தால் திருத்த வேண்டும். அதே பலகையில் மொத்த மை அளவையும் பார்க்கலாம். ஆர்ட் பேப்பருக்கு 300 சதவீதம், நியூஸ் பிரிண்டுக்கு 240 என்பதைத் தாண்டினால் மை காயாமல் பின்பக்கத்தில் ஒட்டும்.

இங்கேயே இன்னொரு கண்ணி. வெள்ளை எழுத்துக்கு யாரேனும் தவறுதலாக ஓவர்பிரிண்ட் (அடியில் உள்ள நிறத்தின் மேலேயே அச்சிடுவது) கொடுத்திருந்தால் திரையில் எழுத்து தெரியும், அச்சில் இருக்காது.

பிளீட் எவ்வளவு? ஜெராக்ஸ் கடைக்கும் வேண்டுமா?

வண்ணமோ படமோ காகித விளிம்பைத் தொடுகிறது என்றால் நான்கு பக்கமும் 3 மி.மீ. வெளியே நீட்டுங்கள். ஏ4 கோப்பு 216 × 303 மி.மீ. ஆகும். கட்டிங் மெஷின் அரை மில்லி நகர்ந்தாலும் வெள்ளைக் கோடு விழாமல் இருக்க இது. உள்பக்கமும் எழுத்து விளிம்பிலிருந்து 5 மி.மீ.யாவது தள்ளி இருக்கட்டும். இன்டிசைனில் கிராப் மார்க்கின் ஆஃப்செட் இயல்பாக 2 மி.மீ. சொச்சம்தான், குறிகள் பிளீடுக்குள்ளேயே வந்து விழும். அதை 3 ஆக்கிவிடுங்கள்.

ஜெராக்ஸ் கடைக்கு வேண்டாம். அந்த மெஷின்கள் ஓரத்தில் சில மி.மீ. அச்சிடவே அச்சிடாது. அங்கே பார்க்க வேண்டியது வேறு. பிரிண்ட் பெட்டியில் "ஃபிட்" தேர்ந்திருந்தால் பக்கம் சில சதவீதம் சுருங்கும். பயோடேட்டாவுக்குப் பரவாயில்லை. அளவு முக்கியமான படிவம், வரைபடம், லேபிள் என்றால் "ஆக்சுவல் சைஸ்" கேட்டு வாங்குங்கள். உங்கள் கோப்பு அமெரிக்க லெட்டர் அளவில், 216 × 279 மி.மீ.யில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கூகுள் டாக்ஸில் பேஜ் செட்டப்பைத் தொடாதவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும்.

பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ கேட்கிறார்கள், சிலர் எக்ஸ்-4 கேட்கிறார்கள். எது?

இரண்டும் அச்சுக்கான பிடிஎஃப் வகைகள். அச்சகம் எதைக் கேட்கிறதோ அதுதான். எக்ஸ்-1ஏ பழையது, கறாரானது. சிஎம்ஒய்கேயும் ஸ்பாட் நிறமும் (தனியாகக் கலந்த மை) மட்டும், எல்லா எழுத்துருவும் உள்ளே, டிரான்ஸ்பரன்சி (ஊடுருவித் தெரியும் பகுதிகள்) எல்லாம் தட்டையாக்கப்பட்டிருக்கும். கணினியிலிருந்து நேரடியாக பிளேட் எடுக்கும் சிடிபி கருவி பழையதாக உள்ள இடங்களில் இதுவே பாதுகாப்பு. எக்ஸ்-4 டிரான்ஸ்பரன்சியை அப்படியே விட்டுவைக்கும், நிழலும் மங்கலும் துல்லியமாக வரும். எதுவும் சொல்லாத அச்சகத்துக்கு எக்ஸ்-1ஏ கொடுத்தால் வம்பில்லை.

எக்ஸ்-1ஏ கோப்பைத் திரையில் பார்க்கும்போது நிழல்களின் அருகே மெல்லிய வெள்ளைக் கோடுகள் தெரியலாம். பெரிதாக்கும்போது கோட்டின் தடிமன் மாறாமல் இருந்தால் அது திரையின் மாயை, அச்சில் வராது. கூடவே தடித்தால்தான் கவலைப்பட வேண்டும்.

பக்கங்களை இரண்டிரண்டாக அடுக்கிக் கொடுக்க வேண்டுமா?

வேண்டாம். ஒற்றைப் பக்கங்களாக, வரிசையாகக் கொடுங்கள். எந்தப் பக்கம் எந்தப் பக்கத்தோடு ஒரே பிளேட்டில் வரும் என்பதை அச்சகமே அடுக்கும். நீங்கள் செய்ய வேண்டியது மொத்தப் பக்கங்களை நான்கின் மடங்காக வைப்பது. 16 பக்க ஃபாரமாக (ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் தொகுதி) பிரிந்தால் காகிதம் வீணாகாது. 50 பக்கம் வருகிறதென்றால் இரண்டைக் குறைத்து 48 ஆக்குவது மலிவு.

ஸ்கேன் செய்த ஆவணத்தை 200 கேபிக்குள் ஏற்றச் சொல்கிறது விண்ணப்பத் தளம். எப்படி?

வண்ணத்தில் ஸ்கேன் செய்துவிட்டு நசுக்குவதற்குப் பதில், தேவைக்கேற்ற முறையில் ஸ்கேன் செய்யுங்கள். அச்சிட்ட எழுத்து மட்டும் உள்ள பக்கத்தை 200 டிபிஐ கறுப்பு வெள்ளையில் எடுத்தால் பெரும்பாலும் 100 கேபிக்குள் முடியும், எழுத்தும் கூர்மையாக இருக்கும். முத்திரை, பச்சை மைக் கையொப்பம், புகைப்படம் உள்ள சான்றிதழுக்கு 150 டிபிஐ வண்ணம், ஜேபெக் தரம் நடுத்தரம். அப்போதும் கூடினால் முதலில் சுற்றியிருக்கும் மேசையை வெட்டி எறியுங்கள். கைபேசியில் எடுத்த படங்களில் பாதி எடை மேசைக்குத்தான்.

மிகக் கடுமையான சுருக்கத்தில் எண்களை ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. 2013இல் ஜெர்மன் கணினியியலாளர் டேவிட் கிரீசல், சில ஜெராக்ஸ் நிறுவன ஸ்கேனர்கள் 6ஐ 8 ஆக மாற்றுவதைக் கண்டுபிடித்து வெளியிட்டார். ஜேபிக்2 என்ற சுருக்கமுறை, ஒரே மாதிரி தெரியும் வடிவங்களை ஒன்றுக்கொன்று பதிலாக வைத்ததுதான் காரணம். எழுத்து மங்கலாகவில்லை, தெளிவாகவே தவறாக வந்தது.

கோப்பைச் சுருக்க இலவச இணையதளங்கள் போதாதா?

அழைப்பிதழுக்குப் போதும். ஆதார், வங்கி அறிக்கை, மருத்துவ அறிக்கை, ஒப்பந்தம் ஆகியவற்றை முகம் தெரியாத சேவையகத்தில் ஏற்றாதீர்கள். கணினியிலேயே செய்ய அக்ரோபேட் புரோவில் ஆப்டிமைஸ்டு பிடிஎஃப் இருக்கிறது. கட்டணமில்லாத கோஸ்ட்ஸ்கிரிப்ட் மென்பொருளின் அமைப்புகளில் ஸ்கிரீன் என்றால் 72, இபுக் என்றால் 150, பிரிண்டர் என்றால் 300 டிபிஐ. அஞ்சலுக்கு இபுக் எடுங்கள், ஸ்கிரீன் எடுத்தால் படத்தில் இருக்கும் சிறிய எழுத்து படிக்க வராது. மேக் கணினியின் பிரிவ்யூவில் உள்ள ரெடியூஸ் ஃபைல் சைஸும் அப்படித்தான், மூர்க்கமாக நசுக்கிவிடும்.

டிஜிட்டல் கையொப்பம் உள்ள கோப்பைச் சுருக்கலாமா?

கூடாது. சுருக்கினாலும், மறுபடி பிரிண்ட் டு பிடிஎஃப் கொடுத்தாலும் கையொப்பம் செல்லாததாகிவிடும். இ-ஆதார் கோப்பை அப்படி "சுத்தம்" செய்து அனுப்பினால் சரிபார்ப்பில் தோற்கும். சுருக்க வேண்டியதையெல்லாம் முதலில் சுருக்கி, கையொப்பத்தைக் கடைசியில் போடுங்கள்.

அஞ்சல் கோப்பில் மறைந்திருக்கும் தகவல் என்னென்ன?

எண்ணின் மேல் கறுப்புப் பட்டை வரைந்தால் எண் மறையாது, பட்டையின் கீழேயே இருக்கும். நகலெடுத்து ஒட்டினால் வெளியே வரும். அக்ரோபேட் புரோவின் ரிடாக்ட் கருவி உண்மையில் அழிக்கும். இல்லையென்றால் பட்டை போட்ட பக்கத்தைப் படமாக மாற்றி, அந்தப் படத்தை மட்டும் அனுப்புங்கள். வேர்டில் ஓரம் வெட்டிய படத்தின் வெட்டிய பகுதியும் மூலக் கோப்பில் தங்கியிருக்கும். கம்ப்ரஸ் பிக்சர்ஸில் "டெலிட் கிராப்டு ஏரியாஸ்" டிக் செய்தால் போகும். ஃபைல் ப்ராப்பர்டீஸில் எழுதியவர் பெயரும், யாருடைய பழைய கோப்பைத் திறந்து மேலெழுதினீர்களோ அவருடைய தலைப்பும் இருக்கக்கூடும்.

கடவுச்சொல் போட்டு அச்சகத்துக்கு அனுப்பலாமா?

பூட்டிய கோப்பை பிளேட் எடுக்கும் மென்பொருள் ஏற்காது. ஆய்வேட்டைச் சோத்கங்காவில் (இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியம்) ஏற்றுபவர்களும் இயல்கள்தோறும் தனித்தனியாக, பூட்டில்லாமல் கொடுக்க வேண்டும்.

எடை குறைவு, தரமும் நன்று. ஆனாலும் கைபேசியில் படிக்க முடியவில்லை என்கிறார்கள்.

இது அமைப்பால் தீராது. 210 மி.மீ. அகலப் பக்கம் 70 மி.மீ. திரையில் மூன்றில் ஒன்றாகச் சுருங்குகிறது, 11 பாயின்ட் எழுத்து 4 பாயின்டுக்கும் கீழே போய்விடுகிறது. அழைப்பிதழ் என்றால் 1080 × 1920 பிக்சலில் கைபேசிக்கென்று தனியாக ஒரு பக்கம் அமையுங்கள். மலர் என்றால் ஏ5 அளவில், ஒரே பத்தியாக, ஒற்றைப் பக்கங்களாக எடுங்கள். இரட்டைப் பக்கமாகப் பரப்பி அனுப்புவது கணினித் திரையில் மட்டும் அழகு.

மறுபதிப்புக்காக எதை எடுத்து வைக்க வேண்டும்?

அச்சான பிடிஎஃப் மட்டும் போதாது, தேதி மாற்றக்கூட அதில் இடமிருக்காது. இன்டிசைனில் ஃபைல் பட்டியின் பேக்கேஜ் கொடுத்தால் மூலக் கோப்பு, படங்கள், உரிமம் இடம்தரும் எழுத்துருக்கள் ஒரே கோப்புறையில் சேரும். கோரல்டிராவில் கலெக்ட் ஃபார் அவுட்புட். அதோடு அச்சுக்குப் போன பிடிஎஃப்பையும், பெயரின் முடிவில் "அச்சு", "அஞ்சல்" என்று எழுதி, தேதியோடு வையுங்கள். "கடைசி", "கடைசி2", "உண்மையான கடைசி" என்று பெயரிட்ட கோப்புகளில் எது பிளேட்டுக்குப் போனது என்பது ஆறு மாதம் கழித்து ஒருவருக்கும் தெரியாது.